முதல் குதிரையை ஏமாறாமல் வாங்குவது எப்படி?

குதிரை விற்பனையில் நடக்கும் தில்லுமுல்லுகளில் பெரும்பாலானவை கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். சாந்தப்படுத்தும் ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். வலி மருந்து ஓரிரு நாளில் வேகம் குறையும். விடியற்காலையிலிருந்து ஓட்டிக் களைக்க வைத்த குதிரை, மறுநாள் தன் சுபாவத்துக்குத் திரும்பிவிடும். தண்ணீர் காட்டாமல் சோர்ந்துபோகச் செய்த குதிரை, குடித்துத் தெம்பானதும் வேறு ஆளாகிவிடும். அதனால்தான் நேர்மையில்லாத விற்பனையாளர் எப்போதும் அவசரப்படுத்துகிறார். அவர் குறித்த நேரத்தில், அவர் நிறுத்திய இடத்தில், ஒரே ஒரு முறை நீங்கள் குதிரையைப் பார்த்தால் அவருக்குப் போதும்.

விற்பவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் இல்லை. நல்ல விற்பனையாளர் தன் குதிரை எந்த வீட்டுக்குப் போகிறது என்று கவலைப்படுவார், உங்களிடமே பத்துக் கேள்வி கேட்பார். ஆனால் முதல் அரை மணி நேரத்தில் இரண்டு வகையினரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது, நீங்கள் நேரம் கேட்கும்போது என்ன பதில் வருகிறது என்பதுதான். அந்த நேரத்தை எப்படி வாங்குவது, கிடைத்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. கிளம்புவதற்கு முன்

எந்த மாதிரிக் குதிரை வேண்டும் என்று தெரியாமல் போகிறவரிடம், இருப்பதிலேயே விற்காமல் கிடக்கும் குதிரையைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் ஏறப்போகிறார்கள், அவர் எடை என்ன, வாரத்துக்கு எத்தனை நாள், என்ன வேலைக்கு, தினமும் குதிரையைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்.

ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. எடை மேடை இல்லாத இடத்தில் அளவு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எடுத்த அளவை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை ஏறக்குறையக் கிலோவில் வரும். மார்பு 170, நீளம் 155 என்றால் சுமார் 377 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 75 கிலோ. சேணத்துக்குப் பத்துக் கிலோ போனால் ஏறுபவர் 65 கிலோவுக்குள் இருக்க வேண்டும். "எவ்வளவு கனமானவரையும் தூக்கும்" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

உயரத்தை ஹேண்ட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 14.2 என்றால் பதினாலு புள்ளி இரண்டு ஹேண்ட் இல்லை. 14 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில், சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். உயரத்தைக் கூட்டிச் சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பொய் என்பதால் நீங்களே அளந்துவிடுங்கள்.

வயது விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் குதிரை நன்றாகப் பழக்கப்பட்டதாக, 8 முதல் 15 வயதுக்குள் இருப்பது நல்லது. ஒழுங்காகப் பராமரித்தால் குதிரை 25, 30 வருடம் வாழும். 15 வயது என்பது முதுமை இல்லை. "குட்டியாக வாங்கி நம்மோடு சேர்த்து வளர்க்கலாம்" என்ற ஆசை அழகானதுதான். ஆனால் பழகாத குதிரையும் பழகாத சவாரிக்காரரும் சேர்ந்தால் இருவருக்கும் அடிபடும். இந்த ஆசையைத் தூண்டிவிட்டே விற்பவர்கள் இருக்கிறார்கள்.

குதிரை தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவருக்கு விற்பவரிடமிருந்து கமிஷன் வருமா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். உங்களிடமும் விற்பவரிடமும் ஒரே நேரத்தில் பணம் வாங்கும் தரகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நேர்மையானவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2. விளம்பரமும் தொலைபேசியும்

விளம்பரத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைக் கவனியுங்கள். "அனுபவமுள்ளவர்களுக்கு ஏற்றது" என்றால் புதியவருக்கு ஆகாது என்று அர்த்தம். "சில மாதம் ஓய்வில் இருந்தது" என்றால் ஏன் ஓய்வு என்று கேட்க வேண்டும். வீடியோவில் குதிரை ஒரே பக்கமாக மட்டும் வட்டமடிக்கிறதா? வேகம் கூடும் இடத்தில் வெட்டு விழுகிறதா? வீடியோவின் வேகத்தையே குறைத்து (ஸ்லோ மோஷனில்) காட்டுகிறார்களா? இதில் எதுவும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் வெட்டாத ஒரு வீடியோ கேளுங்கள்: கொட்டிலிலிருந்து வெளியே கொண்டுவருவது முதல் சேணம் பூட்டி ஏறுவது வரை, தொடர்ச்சியாக. தன் குதிரையில் நம்பிக்கையுள்ளவர் அன்றைக்கே எடுத்து அனுப்பிவிடுவார்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை: ஏன் விற்கிறீர்கள், எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது, அதற்கு முன் யாரிடம் இருந்தது, கடைசியாக யார் ஏறினார், எப்போதாவது நொண்டியதா, வயிற்றுவலி வந்ததா, லாடம் அடிக்க நிற்குமா, வண்டியில் ஏறுமா, கடிக்குமா, உதைக்குமா, தனியாக நிற்குமா. பதில்களை அப்படியே குறித்துக்கொண்டு, பிறகு "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று எழுத்தில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பின்னால் பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது இந்த எழுத்துதான். வாயால் தாராளமாகச் சொன்னவர் எழுத்து என்றதும் பின்வாங்கினால், அதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

குதிரையே இல்லாத விளம்பரங்களும் உண்டு. வேறு யாருடைய படத்தையோ போட்டு, நம்ப முடியாத விலை சொல்லி, "உரிமையாளர் இறந்துவிட்டார், நல்ல வீடு கிடைத்தால் போதும், போக்குவரத்துச் செலவு மட்டும் அனுப்புங்கள்" என்று உருக்கமாக எழுதுவார்கள். குதிரையை நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். அன்றைய தேதி எழுதிய தாளைக் குதிரைக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலே பலர் காணாமல் போய்விடுவார்கள்.

3. முதல் முறை நேரில்

போவதற்கு முன், "நான் வந்த பிறகுதான் குதிரையைப் பிடிக்க வேண்டும், சேணம் பூட்ட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்ச் சேருங்கள். அப்போது குதிரை ஏற்கெனவே சேணத்தோடு நின்றால், உடம்பு சூடாக இருந்தால், முதுகில் சேணம் பதிந்த வேர்வைத் தடமோ அப்போதுதான் குளிப்பாட்டிய ஈரமோ தெரிந்தால், காரணம் கேளுங்கள். வெயிலுக்குக் குளிப்பாட்டியதாகவும் இருக்கலாம். களைக்கும்வரை ஓட்டியதை மறைப்பதாகவும் இருக்கலாம். இன்னொரு நாள் வந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். காலியாக, காய்ந்து கிடக்கிறதா? ஒரு வாளி தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். குதிரை பாய்ந்து வந்து மூச்சுவிடாமல் குடித்தால் சந்தேகப்படுங்கள். ஈறில் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு ஈரமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஒட்டும் பிசுபிசுப்பாக இருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

சாந்தப்படுத்தும் மருந்து கொடுத்த குதிரைக்குத் தலை தாழ்ந்திருக்கும், இமை பாதி மூடியிருக்கும், கீழுதடு தொங்கும், நடையில் லேசான தள்ளாட்டம் இருக்கும். சத்தத்துக்குக் காது தாமதமாகத் திரும்பும். ஆண் குதிரையாக இருந்தால் குறி வெளியே தொங்கியபடி உள்ளே போகாமல் இருப்பதும் அசிப்ரோமசின் போன்ற மருந்துகளின் அடையாளம். கழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில், பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடத்தில், புதிய ஊசித் தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் மருந்துகளும் இருக்கின்றன என்பதால், இரண்டு முறை வந்து பார்த்ததாலேயே இந்தச் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிடாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். திறந்தவெளியில் பிடிப்பது, கட்டுவது, உடம்பு தேய்ப்பது, நான்கு குளம்பையும் தூக்குவது, காதைத் தொடுவது, கடிவாளம் போடுவது, சேணப் பட்டையை இறுக்குவது. வயிற்றுப் பட்டை இறுகும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வந்தாலோ முதுகை வளைத்தாலோ முதுகிலோ வயிற்றிலோ வலி இருக்கலாம். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாகக் கொஞ்ச தூரம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்.

சவாரி என்றால் முதலில் அவர்கள் ஏற வேண்டும். நடை, டிராட் (துள்ளு நடை), கேன்டர் (நிதானமான பாய்ச்சல்) மூன்றும், இரண்டு பக்க வட்டத்திலும். "இன்று முதுகு வலி", "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று ஏற மறுத்தால் நீங்கள் எந்தக் காரணத்துக்கும் ஏறாதீர்கள். ஏறிப் பார்க்காமல் வந்ததற்காக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. முதுகெலும்போ விலைமதிப்பற்றது.

4. பல்லைப் பிடித்துப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வயதைக் குறைத்துச் சொல்வது மிகப் பழைய மோசடி. குட்டி வயதுக் குதிரையை ஏறும் வயது வந்ததாகக் கூட்டிச் சொல்வதும் நடக்கிறது.

முன்புறம் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக முளைக்கும். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். ஆகவே ஓரத்தில் சின்னதாக, வெள்ளையாகப் பால்பல் இன்னும் இருந்தால் அதை 6 வயதுக் குதிரை என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு பல்லின் மேற்பரப்பில் உள்ள கருமையான குழிகளைப் பார்க்க வேண்டும். கீழ்வரிசையில் நடுப்பல்லின் குழி சுமார் 6 வயதிலும், அடுத்தது 7 இலும், ஓரப்பல்லுடையது 8 இலும் தேய்ந்து மறையும். மேல்வரிசை ஓரப்பல்லில் ஒரு நீளவாட்டப் பள்ளக்கோடு வரும். ஈறு ஓரத்தில் சுமார் 10 வயதில் தலைகாட்டும். 15 இல் பல்லின் பாதி வரை வரும். 20 இல் முழு நீளத்துக்கும் இருக்கும். பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இளம் குதிரையின் மேல், கீழ்ப் பற்கள் ஏறக்குறைய நேராகச் சந்திக்கும். வயதாக ஆகப் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து கூர்மையான கோணமாகிவிடும். தீவனத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பொறுத்துத் தேய்மானம் மாறும். 10 வயதுக்கு மேல் எல்லாமே தோராயம்தான்.

தேய்ந்த பல்லில் குழி தோண்டி, கருக்கி, இளம் பல்லாகக் காட்டும் வேலையும் காலங்காலமாக இருக்கிறது. இயற்கையான குழியைச் சுற்றி வெள்ளை எனாமல் வளையம் இருக்கும். தோண்டிய குழிக்கு அது இருக்காது. பல்லின் சாய்வையும் யாராலும் மாற்ற முடியாது. கண்ணுக்கு மேலுள்ள பள்ளம், முகத்து நரை போன்றவை துணைச் சாட்சிகள் மட்டுமே. நரைக்குச் சாயம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

5. கால்

அதிகப் பணமும் அதிகக் கண்ணீரும் போவது இங்கேதான். இந்த இடத்தில் நிதானமாக இருங்கள்.

சமமான, கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையை டிராட்டில் உங்களிடமிருந்து விலக்கியும் உங்களை நோக்கியும் ஓட்டச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பின்காலில் வலி என்றால் அந்தப் பக்க இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கயிறு பிடிப்பவர் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினால் தலையசைவு தெரியாது. தெரிந்தே அப்படிப் பிடிப்பவர்கள் உண்டு. தளர்த்தச் சொல்லுங்கள். மெத்தென்ற மணலில் மட்டும் காட்டினால் கெட்டித் தரை கேளுங்கள். அப்புறம் சிறிய வட்டத்தில், இரண்டு பக்கமும்.

இரண்டு முன்காலும் ஒரே அளவு வலித்தால் தலையாட்டம் வராது. குதிரை குறுகிய, கவனமான அடி வைக்கும், அவ்வளவுதான். பார்க்கிறவருக்குச் சாதுவாகப் போவது போலவே தோன்றும். நொண்டும் குதிரையின் நல்ல காலிலும் லாடத்துக்கு அடியில் சிறு கல்லைச் செருகி, இரண்டையும் சமமாக வலிக்க வைத்து விற்றிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே மனம் கூசுகிறது. சந்தேகம் இருந்தால் லாடத்தைக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள்.

குளம்பின் சுவர் மேலிருந்து கீழே மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளர்கிறது. முன்நுனியில் மேலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதனால் கடந்த ஒரு வருடத்தில் நடந்தது அதில் பதிந்திருக்கும். குறுக்கே வளையங்கள் இருந்து, அவை முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகன்றும் போனால் லாமினைட்டிஸ் வந்துபோயிருக்கலாம். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் அடுக்குகள் அழன்று போகும் நோய் அது. ஒரு முறை வந்தால் மறுபடி வரக்கூடியது. நிற்கும்போது முன்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்பதும் அதன் அடையாளம். குளம்பைத் தேய்த்து, எண்ணெய் பூசி வளையத்தை மறைப்பார்கள். எண்ணெய் மினுக்கலைத் துணியால் துடைத்துவிட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடும்.

சொன்னேனே, ஏமாற்றுகள் சீக்கிரம் தெளிந்துவிடும் என்று. கால் விஷயத்தில் அதற்கு விதிவிலக்குகள் உண்டு. பினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்தின் தாக்கம் ஓரிரு நாள்தான். ஆனால் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி மாதக்கணக்கில் வலியை மறைக்கக்கூடும். அதைவிட மோசமானது நரம்பு வெட்டு. குதிப் பக்கம் தீராத வலியுள்ள குதிரைக்கு, அங்கே போகும் நரம்பை அறுத்துவிட்டால் பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் நொண்டாது. நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்; உணர்ச்சியில்லாத காலால் தடுக்கி விழவும் செய்யும். மருத்துவக் காரணத்துக்காக இதைச் செய்து, சொல்லி விற்றால் அது வேறு. சொல்லாமல் விற்பது ஏறுபவரின் உயிரோடு விளையாடுவது. குளம்புக்கு மேலே, பின்புறம் இரு பக்கமும் சிறு தழும்போ வெள்ளை முடியோ இருக்கிறதா என்று பாருங்கள். குதியின் மெத்தென்ற பகுதியை, குதிரை பார்க்காதபோது, மழுங்கிய பேனா முனையால் அழுத்தினால் அது காலை இழுக்க வேண்டும். உதை படாத இடத்தில் நின்று செய்யுங்கள், அல்லது மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

6. மூச்சு, கண், கெட்ட பழக்கம்

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். நாடி 28 முதல் 44. மூச்சை வெளிவிடும்போது வயிறு இரண்டாம் முறை எக்கித் தள்ளினால், விலா எலும்புகளுக்குக் கீழே சாய்வாக ஒரு தசைக்கோடு தடித்துத் தெரிந்தால், நாள்பட்ட மூச்சிரைப்பு நோய் இருக்கலாம். திறந்தவெளியில் நிறுத்தி நனைத்த புல் கொடுத்தால் இது அடங்கியிருக்கும். காய்ந்த வைக்கோல் தூசி நிறைந்த கொட்டிலில் வெளிப்படும். கேன்டரில் மூச்சை உள்ளிழுக்கும்போது உறுமல் சத்தம் வந்தால் அது குரல்வளைத் தசை செயலிழந்ததன் அறிகுறி. நன்றாக ஓடவிட்டு, அருகில் நின்று காதால் கேளுங்கள்.

ஒரு கண் தெரியாத குதிரையை எப்போதும் நல்ல கண் பக்கமாகவே காட்டுவார்கள். இரண்டு பக்கமும் நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். இருட்டுக் கொட்டிலில் விளக்கைக் காட்டினால் இரண்டு கண்மணியும் ஒரே மாதிரிச் சுருங்க வேண்டும். விட்டுவிட்டு வரும் கண் அழற்சிதான் குதிரைகளின் பார்வை போவதற்கு முதன்மைக் காரணம். பார்க்கிற அன்று கண் தெளிவாகவே இருக்கலாம்.

மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவது, ஓயாமல் பக்கவாட்டில் ஆடுவது, கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பது ஆகியவை அடைபட்டு வளர்ந்ததால் வரும் பழக்கங்கள். குதிரைமேல் குற்றமில்லை, ஆனால் நீங்கள் தெரிந்து வாங்க வேண்டும். மேல் வெட்டுப்பல்லின் முன்விளிம்பு தேய்ந்திருக்கிறதா, கொட்டில் கதவு கடிபட்டிருக்கிறதா, தொண்டையில் பட்டை கட்டிய தடம் இருக்கிறதா, தரையில் வட்டத்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தீவனம் வைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்து போய், தூரத்திலிருந்து அரை மணி நேரம் கவனித்தால் போதும்.

7. அது அந்தக் குதிரைதானா?

மைக்ரோசிப் உள்ள குதிரைக்குப் பதினைந்து இலக்க எண் இருக்கும். பெரும்பாலும் கழுத்தின் இடப்பக்கம். கருவியால் படித்து, ஆவணத்திலுள்ள எண்ணோடும், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி, தழும்பு வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். "ஆவணம் வந்துகொண்டிருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்" என்றால் பணமும் பிறகுதான். விற்பவர் பெயரும் உரிமையாளர் பெயரும் ஒன்றா? இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன் என்றவரின் ஆவணத்தில் போன மாதத் தேதி இருந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

காயடித்தது என்று விற்கும் குதிரைக்கு ஒரு விரை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது; பெண் குதிரையைக் கண்டதும் தெரியும். ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தீர்த்து வைக்கும். பெண் குதிரை சினையாக இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சினைக்காலம் சுமார் 11 மாதம்; ஆரம்பத்தில் வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

8. உங்கள் மருத்துவர்

குதிரை பிடித்துவிட்டது, இரண்டாம் முறையும் போய்ப் பார்த்தாயிற்று. அந்த இரண்டாம் முறையை வேறு நேரத்தில், முடிந்தால் அன்று காலைதான் தகவல் சொல்லி, வைத்துக்கொள்ளுங்கள். இனிக் குதிரை மருத்துவர் வர வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தவராக, விற்பவரின் குதிரைகளை வழக்கமாகப் பார்க்காதவராக இருக்க வேண்டும். "போன மாதம்தான் எங்கள் டாக்டர் பார்த்தார், இதோ சான்றிதழ்" என்பதை வாங்கிப் படியுங்கள், உங்கள் பரிசோதனையையும் செய்யுங்கள். பழைய எக்ஸ்ரே காட்டினால் படத்திலேயே குதிரையின் அடையாள எண்ணும் தேதியும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு குதிரையின் கால் படத்தைக் காட்டுவது ஒன்றும் கடினமில்லை.

மருத்துவர் இதயம், நுரையீரல், கண், பல், முதுகு, நடை எல்லாம் பார்ப்பார். மூட்டுகளை ஒரு நிமிடம்போல மடக்கிப் பிடித்து, விட்டதும் ஓட வைத்துப் பார்ப்பார். அப்போது நீங்கள் உடனிருங்கள். என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். மெதுவாகச் சுற்றிவரப் போதுமான குதிரை, தடை தாண்டுவதற்குப் போதாமல் இருக்கலாம்.

ரத்த மாதிரியைக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். அன்றே பரிசோதிக்காவிட்டாலும், முத்திரையிட்டுச் சில மாதம் சேமித்து வைக்கும் வசதி பல இடங்களில் உண்டு. பின்னால் திடீரென்று நொண்டினாலோ முரட்டுத்தனம் வந்தாலோ, பார்த்த அன்று மருந்து இருந்ததா என்று அப்போது சோதிக்கலாம். ரத்தம் எடுக்கப் போகிறோம் என்று முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. பல ஏமாற்று வேலைகள் அந்த ஒரு வாக்கியத்திலேயே கைவிடப்படும்.

தொற்றுநோய்ப் பரிசோதனையும் இதனோடு சேரட்டும். குதிரைத் தொற்று ரத்தசோகைக்கு மருந்து இல்லை. தொற்றிய குதிரை வாழ்நாள் முழுக்க நோய்க்கடத்தியாகவே இருக்கும். வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும். காகின்ஸ் பரிசோதனை அதற்காகத்தான். கிளாண்டர்ஸ் என்னும் குதிரை நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. உங்கள் பகுதியில் எந்தெந்தச் சோதனை கட்டாயம் என்று மருத்துவரிடம் கேட்டு, முடிவு வரும்வரை குதிரையை நகர்த்தாதீர்கள்.

9. பணமும் எழுத்தும்

"இன்று மாலை இன்னொருவர் வருகிறார்" என்ற வாசகத்தை எல்லோரும் கேட்பார்கள். வரட்டும். முன்பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிய ரசீதோடு கொடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். குதிரையின் அடையாளம், சிப் எண், வயது, விலை, தேதி, இருவர் பெயர், முகவரி. அதோடு விற்பவர் சொன்ன முக்கியமான விஷயங்கள்: நரம்பு வெட்டு செய்யவில்லை, மருந்து கொடுக்கவில்லை, தெரிந்த நோய் எதுவும் இல்லை, இன்ன வேலைக்கு ஏற்றது. "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்ற வரி இருந்தால், அதை ஏற்று கையெழுத்திட்ட பிறகு முறையிடுவது பல இடங்களில் மிகவும் கடினம். சில வாரம் சோதனைக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். எல்லோராலும் முடியாது, அந்த நாட்களில் குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற நியாயமான பயம் அவர்களுக்கும் உண்டு. அதையும் எழுதிக்கொண்டால் தீர்ந்தது. பணத்தை வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் உள்ள பெயருக்கே அனுப்புங்கள்.

10. வந்து சேர்ந்த பிறகு

வண்டியிலிருந்து இறங்குவதிலிருந்தே வீடியோ எடுங்கள். சிப்பை மறுபடி படியுங்கள். பார்த்த குதிரை வேறு, வந்து இறங்கியது வேறு என்பதும் நடந்திருக்கிறது. மற்றக் குதிரைகளிடமிருந்து மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். வாளி, தூரிகை, கயிறு எல்லாம் தனியாக இருக்கட்டும். ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக்கட்டி நோய் தொற்றி 3 முதல் 14 நாளில் வெளிப்படும். தினம் இரு வேளை காய்ச்சல் பார்த்துக் குறித்து வையுங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புது இடத்தில் முதல் சில நாள் குதிரை மிரளும், சாப்பாடு குறையும். அதை மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் நொண்டல், மூச்சிரைப்பு, ஏறவே விடாத முரட்டுத்தனம் போன்றவை தெரிந்தால் அன்றே வீடியோ எடுத்து, மருத்துவரிடம் காட்டி, விற்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சேமித்த ரத்தத்தை அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். நாள் கடந்தால் "உங்களிடம் வந்த பிறகுதான் ஆனது" என்ற பதில் வரும். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தால், உங்கள் பகுதியின் நுகர்வோர் சட்டமோ ஒப்பந்தச் சட்டமோ என்ன வழி தருகிறது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடையாக நடத்துபவரிடம் வாங்கியதற்கும் தனிநபரிடம் வாங்கியதற்கும் பல நாடுகளில் உரிமை வேறுபடும்.

வழக்கு எப்படிப் போனாலும் அந்தக் குதிரை வலியோடு உங்கள் கொட்டிலில் நிற்கிறது. அதற்கு வைத்தியம் பாருங்கள். வைத்துக்கொள்ள முடியாமல் வேறு கைக்குப் போக வேண்டுமென்றால், மருத்துவ அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். குறையை மறைத்து மறைத்து ஐந்தாறு கை மாறிய குதிரைகள்தான் கடைசியில் யாருக்கும் வேண்டாததாகிப் போகின்றன.